கண்ணாடித் தொட்டி: பைக் கேட்டவருக்குக் கார் கிடைத்தது

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெரிய மீன்களைப் பற்றியவை. தங்கமீன் சோடி ஒன்றோடு திருப்திப்பட்ட காலம் போய்விட்டது போலும். வெண்புள்ளி, துடுப்பழுகல் ஆகிய மீன் நோய்கள் பற்றிய சந்தேகங்களை அடுத்த இதழுக்கு ஒதுக்கியிருக்கிறேன், எழுதியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் விலங்கியல் படித்தவன் அல்லன். முப்பத்தொரு வருடம் ஐஸ் ஆலையில் கொம்பிரசர் பார்த்தவன். செத்த மீனைக் குளிரில் வைத்திருப்பது என் தொழில், உயிருள்ள மீனைத் தண்ணீரில் வைத்திருப்பது என் பைத்தியம். இரண்டிலும் தோற்ற நாட்கள் உண்டு.

கேள்வி: ஐயா, ஜெர்மனியில் இருக்கும் அண்ணன் பைக் பிடிக்கும் காணொளிகளை அனுப்புகிறார். ஒன்று வாங்கி வீட்டில் வளர்க்க ஆசை. என்னிடம் ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரமான தொட்டி இருக்கிறது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கவோ, இல்லாவிட்டால் அறைக்கு ஏசி பூட்டவோ தயார். சரிவருமா? – ஆரையம்பதி வாசகர்

பதில்: தம்பி, ‘பைக் ஒன்று வாங்கி வளர்க்க ஆசை’ என்ற வரியை மூன்று முறை வாசித்தேன். மோட்டார் சைக்கிளை எதற்குத் தொட்டிக்குள் இறக்குகிறார் என்று யோசித்த பிறகுதான் மீன் என்று விளங்கியது.

ஐரோப்பாவின் குளிர்ந்த ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழும் அந்த வேட்டை மீனில் ஆசை வைத்ததற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். வாத்தின் அலகு போலத் தட்டையான வாய்; அதற்குள் தொண்டையைப் பார்த்துச் சாய்ந்த நூற்றுக்கணக்கான பற்கள். செடிகளுக்குள் கட்டை போலக் கிடந்து, இரை கிட்ட வந்ததும் அம்பாகப் பாயும். தன் நீளத்தில் பாதியளவு மீனையும் விழுங்கப் பார்க்கும். தன் இனத்தையே தின்னும். வளர்ந்த பைக் ஒரு மீற்றர் நீளம் இருப்பது அதிசயம் அல்ல.

இனிக் கணக்குக்கு வருவோம். உங்கள் தொட்டி 24 கன அடி. விளிம்புவரை நிரப்பினால் 680 லீற்றர், அதாவது 680 கிலோ தண்ணீர். அது 29 பாகை செல்சியஸில் இருக்கிறது என்று வையுங்கள். (என் வீட்டு விறாந்தைத் தொட்டி வைகாசி மாதத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு 31 காட்டியது.) பைக்குக்கு 29ஐத் தாண்டினால் உயிர் தரிக்காது. 15க்கு இறக்குவதென்றால், மின்சார பில்லில் வரும் அலகில் சொன்னால், ஏறத்தாழ 11 அலகு வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். அது பெரிய காரியம் இல்லை, நல்ல கொம்பிரசர் ஒரு நாளில் முடித்துவிடும். தொல்லை மறுநாள்தான் தொடங்கும். நாலு பக்கக் கண்ணாடி வழியாகவும் மேற்பரப்பு வழியாகவும் மட்டக்களப்பின் வெயில் முழுவதும் உங்கள் தொட்டிக்குள் நுழையப் பார்க்கும். மீன்பெட்டிக்கு இரண்டு அங்குல ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) இருக்கிறது, எங்கள் ஐஸ் அறைச் சுவருக்கு அதைவிடத் தடித்த கவசம் இருந்தது. உங்கள் தொட்டிக்கு இருப்பது வெறும் கண்ணாடி. உள்ளே வரும் வெப்பத்தை வந்த வழியே அனுப்ப மட்டும், என் கணக்கில், நாளுக்கு 4, 5 அலகு மின்சாரம் வேண்டும். மாதத்துக்கு 120 முதல் 150. பாவனை கூடக் கூட ஓர் அலகின் விலையும் கூடும் என்பதை வீட்டில் பில் கட்டுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, கடைக்காரர் யாரும் சொல்லாதது. குளிர்ந்த சோடாப் போத்தலை மேசையில் வைத்தால் என்ன நடக்கும்? வியர்த்து, அடியில் வட்டமாகத் தண்ணீர் தேங்கும். 15 பாகைத் தொட்டியும் நம் ஊர்க் காற்றில் இரவு பகலாக அப்படி வியர்க்கும். உள்ளே மீன் இருக்கிறதா என்று பார்க்கக் கையால் துடைக்க வேண்டும். துடைத்த இடம் நீங்கள் கதிரையில் போய் உட்கார்வதற்குள் மங்கிவிடும். வழிந்த தண்ணீர் பலகைத் தாங்கியில் இறங்கும். 680 கிலோவைச் சுமந்து நிற்கும் பலகை ஊறினால் என்ன ஆகும் என்பதை நான் எழுதத் தேவையில்லை.

நீங்கள் சொன்ன ஏசி, உண்மையில் சில்லரைவிட நல்ல யோசனை. அறைக் காற்றே குளிர்ந்து உலர்ந்திருப்பதால் கண்ணாடி வியர்க்காது. அறையை 20இல் வைத்திருந்தால் தண்ணீரும் மெல்ல அந்தப் பக்கம் இறங்கும்; வளர்ந்த பைக் 20ஐத் தாங்கும். ஆனால் அந்த ஏசி ஒரு நாளும் நிற்கக் கூடாது. கலியாண வீட்டுக்குப் போனாலும், ஊரில் இல்லாவிட்டாலும் ஓட வேண்டும். ஐப்பசி, கார்த்திகைக் காற்றில் மின்சாரம் போனால் எல்லோரும் தண்ணீர் சூடாகிவிடுமே என்றுதான் பயப்படுகிறார்கள். அவ்வளவு தண்ணீர் அவ்வளவு விரைவில் சூடாகாது. மணிக்கு அரைப் பாகைகூட ஏறாது. வெப்பத்துக்கு முன்னால் மூச்சுப் போய்விடும். பம்பு நின்றால் ஒட்சிசன் உள்ளே போகாது. நன்றாகக் காற்றேறிய தண்ணீர் 15 பாகையில் லீற்றருக்கு 10 மில்லிகிராம் ஒட்சிசன் வைத்திருக்கும், 30இல் ஏழரைதான். மீனுக்கோ பத்துப் பாகை ஏறினால் தேவை ஏறத்தாழ இரண்டு மடங்காகும். வரவு குறைகிற அதே வேளையில் செலவு கூடுகிறது. குளிர்நாட்டு மீன்கள் நம் தண்ணீரில் சாவதற்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

இதையெல்லாம் எட்டிநின்று சொல்லவில்லை. 2012இல் நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன். நான் ஆசைப்பட்டது ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனில். தோட்டத்துரைமார் தூண்டில் போட்டுப் பொழுதுபோக்குவதற்காக 1880களில் சீமையிலிருந்து முட்டைகளாகக் கொண்டுவந்து மலைநாட்டு ஓடைகளில் விட்ட இனம். நுவரெலியாப் பக்கம் விரல் நீளத்தில் எட்டுக் குஞ்சு கிடைத்தது. பொலித்தீன் பையில் ஒட்சிசன் அடைத்து, ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பதுளையிலிருந்து பஸ் ஏறினேன். பிபிலையைத் தாண்டியதும் வெக்கை உள்ளே வந்தது. மகாஓயாவில் பஸ் நின்ற பத்து நிமிடத்துக்குள் ஒரு குளிர்பானக் கடையில் ஐஸ் வாங்கிப் பெட்டியில் திணித்தேன். செங்கலடியில் இறங்கிப் பார்த்தபோது எட்டும் உயிரோடு இருந்தன. அன்று எனக்கு இருந்த மிதப்பைச் சொல்லி முடியாது.

சில்லரை நானே செய்திருந்தேன். பழைய குளிர்சாதனப் பெட்டியின் கொம்பிரசர். அதிலிருந்து செப்புக் குழாயைச் சுருளாக வளைத்து நேரே தண்ணீருக்குள் இறக்கியிருந்தேன். 15 பாகை, முள் அசையவில்லை. இரண்டாம் நாள் குஞ்சுகள் இரையைத் தொடவில்லை. உடம்பில் வழுவழுப்புப் படர்ந்து, செவுள் மூடி அகல விரிந்து அடித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் விடியற்காலை எட்டும் அடியில், வாய் திறந்தபடி. குளிரில் குறை இல்லை, செம்புதான் கொன்றது. தண்ணீரில் கரையும் மிகச் சிறிதளவு செம்பே மீனின் செவுளைக் கெடுத்துவிடும், அதிலும் ட்ரவுட் சிறிதும் தாங்காது. கடைச் சில்லர்களுக்குள் தைத்தேனியம் சுருள் இருப்பது அதனால்தான். செம்பை அரிக்கும் அமோனியா ஓடும் ஆலைக்குள் செப்புக் குழாயை எடுத்து வராதே என்று பழகுநர்களுக்கு வருடக் கணக்காகச் சொல்லிக்கொடுத்த வாய் இது. மனைவி இன்றைக்கும் அந்தச் சுருளை எறிய விடுவதில்லை. கொல்லையில் வெற்றிலைக் கொடி அதில்தான் படர்கிறது.

ஆனாலும் உங்களுக்கு வேண்டாம் என்று சொல்ல இவை எதுவும் காரணம் அல்ல. பணமும் பொறுமையும் இருந்தால் குளிரை வாங்கிவிடலாம். உங்கள் தொட்டியின் அகலம் 60 சென்ரிமீற்றர், மீனின் நீளம் 100. அது எப்படித் திரும்பும்? உடம்பை வளைத்துக் கண்ணாடியில் மூக்கை உரசித்தான் திரும்பும். தொட்டிக்குத் தக்கபடி மீன் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் என்று கடைகளில் சொல்வார்கள். நிற்பதில்லை, குறுகும். நெருக்கத்திலும் அழுக்கு நீரிலும் முதுகெலும்பு கோணி, வயதுக்கு முன்னே சாகும். அண்ணனைப் போய்ப் பார்க்கும்போது ஏரிக்கரையில் நின்று பாருங்கள். விசா எடுப்பது சில்லர் பூட்டுவதைவிடக் கடினம் என்பது எனக்கும் தெரியும்.

கேள்வி: காக்கா, கொழும்பில் ஒரு கடையில் ‘குளிர்நீர்ப் பைக்’ என்று சொல்லி விரல் நீளத்தில் ஒரு மீன் தந்தார்கள். அப்போது முதுகில் வெளிறிய ஒரு கோடு இருந்தது. பத்து மாதத்தில் ஒன்றரை அடி வளர்ந்துவிட்டது. ஏசியும் இல்லை, சில்லரும் இல்லை. மீன் சுகமாக இருக்கிறது. இப்போது தொட்டி போதவில்லை. பக்கத்துக் குளத்தில் விட்டுவிடலாமா? படம் இணைத்திருக்கிறேன். – அக்கரைப்பற்று வாசகர்

பதில்: விடாதீர்கள். மிச்சத்தைப் பிறகு வாசியுங்கள், முதலில் இந்த ஒரு சொல்.

தம்பி, படத்தை மூக்குக் கண்ணாடி போட்டும் பார்த்தேன், கழற்றியும் பார்த்தேன். பைக் என்று சொன்னவர் உங்கள் கையில் தந்தது கார். பகிடி இல்லை, அந்த மீனின் பெயரே அதுதான். வட அமெரிக்காவின் அலிகேட்டர் கார். சில கடைகளில் முதலை மீன் என்பார்கள். குழப்பம் வருவது இயல்பு. இரண்டுக்கும் முதுகுத் துடுப்பு வாலோடு ஒட்டினாற்போல் பின்னால் இருக்கும், இரண்டும் கட்டை போலக் கிடக்கும். ஆனால் வாலைப் பாருங்கள்: பைக்கின் வால் கவர்விட்டது, உங்கள் மீனின் வால் விசிறி போல உருண்டது. செதிலைத் தடவிப் பாருங்கள். பைக்கின் செதில் மென்மையானது. காரின் செதில் ஓடு வேய்ந்த கூரை. ஒன்றோடொன்று பூட்டிய சாய்சதுரங்கள், நகத்தால் தட்டினால் தட்டுப்படும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து காற்றை விழுங்கிப் போகிறதா? பைக் அப்படிச் செய்யாது. நீங்கள் எழுதிய அந்த முதுகுக் கோடு அலிகேட்டர் கார் குஞ்சின் அடையாளம்.

குளிர்நீர் மீன் என்று விற்றதுதான் பெரிய பொய். அது டெக்சாஸ், லூசியானா, மெக்சிகோப் பக்கத்து மீன். வெக்கை அதற்குப் பழக்கம், ஒட்சிசன் குறைந்த சேற்று நீரிலும் காற்றைக் குடித்து உயிர் வாழும், உப்புக் கலந்த நீரும் அதற்கு ஒத்துப்போகும். இந்த மூன்றையும் சேர்த்துப் படித்துவிட்டு நம் வாவியை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஆரையம்பதித் தம்பியின் பைக் இங்கே செத்தால் அது அவருடைய வீட்டுத் துக்கம். உங்கள் மீன் சாகாது, எனக்குப் பயம் அதனால்தான். 2011இல் மிசிசிப்பியில் வலையில் பட்ட ஒன்று 148 கிலோ, நீளம் இரண்டரை மீற்றருக்கு மேல். ஐம்பது வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கக் கூடியது. 2023இல் காஷ்மீரின் தால் ஏரியில் ஒன்று அகப்பட்டது. அதுவும் யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டியில் இருந்து போனதாகத்தான் இருக்கும், நடந்து வந்திருக்காது.

ஒரே ஒரு மீன்தானே என்று கேட்பீர்கள். தொட்டிப் பாசியை மேய்வதற்காக வாங்கும் டேங்க் கிளீனர் மீனையும் ‘ஒன்றுதானே’ என்றுதான் விட்டார்கள். இன்று நாட்டின் எத்தனையோ நீர்நிலைகளில் மீனவர் வலையைக் கிழிக்கிறது. கத்தி மீன் என்று விற்கும் நைஃப் ஃபிஷ் மேல் மாகாணச் சதுப்பு நிலங்களில் குடியேறிவிட்டது. அது தின்னும் சின்ன மீன் எல்லாம் நம் நாட்டு மீன்.

முற்றத்தில் சீமெந்துத் தொட்டி கட்டி விடலாமா என்றும் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். கட்டலாம், ஆனால் நம் வெள்ளத்தை மறக்காமல் கட்டுங்கள். 2011 ஜனவரியில் வயல், குளம், வாவி, றோட்டு எல்லாம் ஒரே தண்ணீராகக் கிடந்தது நினைவிருக்கும். எங்கள் ஒழுங்கையில் ஒருவர் முற்றத்துத் தொட்டியில் வளர்த்த கொய் மீன்களில் ஒன்றை வெள்ளம் வடிந்த பிறகு வேறொருவர் வயல் வாய்க்காலில் பிடித்தார். சிவப்பும் வெள்ளையுமாக அரை முழ மீன். அவர் அதைச் சமைக்கப் பயந்து கோயில் கேணியில் கொண்டுபோய் விட்டார். சுவர் பழைய வெள்ளக் குறிக்கு மேலே ஓர் ஆள் இடுப்பளவாவது உயர வேண்டும், மேலே இரும்பு வலை வேண்டும். குறுக்களவு பத்தடிக்குக் குறையக் கூடாது, அதுவும் சில வருடங்களுக்குத்தான் காணும்.

அது முடியாவிட்டால் மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்தில் சொல்லிக் கேளுங்கள். எடுத்துக்கொள்ள ஒருவரும் இல்லையென்றால் அந்த மீனை நீங்களே முடித்துவிட வேண்டும். எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். கராம்பு எண்ணெயைக் கொஞ்சம் வெந்நீர்ப் போத்தலில் விட்டு நன்றாகக் குலுக்கி, மீன் இருக்கும் வாளியில் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். முதலில் மயங்கும். மயங்கிய பிறகு நிறைய ஊற்றி, செவுள் அசைவு நின்ற பின்னும் அரை மணி நேரத்துக்கு மேல் அப்படியே விடுங்கள். பிறகு புதைத்துவிடுங்கள். கார் இறைச்சியைத் தின்பவர்கள் அமெரிக்காவில் உண்டு, ஆனால் அதன் முட்டை நஞ்சு. எண்ணெய் ஊற்றிக் கொன்றதையோ யாரும் தொடவே கூடாது.

கேள்வி: அண்ணா, எங்கள் வீட்டு ஒஸ்கார் மீனுக்கு உயிரோடு தங்கமீன் குஞ்சு போடுகிறோம். பிள்ளைகள் பார்த்து ரசிக்கிறார்கள். கெடுதல் உண்டா? – திருக்கோவில் வாசகி

பதில்: தங்கச்சி, உண்டு. தங்கமீனின் உடலில் விற்றமின் பி1ஐச் சிதைக்கும் ஒரு பொருள் இருக்கிறது. அதையே தின்று வளரும் மீன் நாளடைவில் நிலை தடுமாறி நீந்தும், பிறகு வலிப்பு வரும். கடையில் மலிவாகக் குவித்து வைத்திருக்கும் குஞ்சுகளோடு நோயும் இலவசமாக வீட்டுக்கு வரும். சந்தை இறாலைத் தோல் உரித்து, நன்றாகக் கழுவி, துண்டாக நறுக்கிக் கொடுங்கள். மிதக்கும் உருண்டைத் தீனிக்கும் பழக்குங்கள். முதல் மூன்று நாள் ஒஸ்கார் கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பும். திருப்பட்டும், நான்காம் நாள் தின்னும். மிஞ்சியதை உடனே எடுத்துவிடுங்கள். அது அழுகினால் அமோனியா உண்டாகும்; வெக்கைத் தண்ணீரில் அதன் நஞ்சு இன்னும் உறைக்கும்.

கேள்வி: குளிர்நாட்டு வேட்டை மீன்களில் மிகப் பெரியது எது? – வந்தாறுமூலை மாணவர்

பதில்: ஆற்று மீன்களில் ஐரோப்பாவின் வெல்ஸ் கெளிறைச் சொல்லலாம். 2023இல் இத்தாலியின் போ ஆற்றில் 285 சென்ரிமீற்றர் நீளமான ஒன்று தூண்டிலில் பட்டது. அது குளிரைத் தாங்கும், ஆனால் கோடை வெப்பத்தில்தான் நன்றாக வளரும். உண்மையான குளிர்ப் பிராணி என்றால் மங்கோலியாவிலும் சைபீரியாவிலும் உள்ள தைமென். ட்ரவுட்டின் பெரியப்பா முறை; மாரிக்கு ஆற்றின் மேல் பனி உறைந்து மூடிக் கிடக்க, அடியில் உயிரோடு இருக்கும்.

கேள்வி: ஐயா, எதைக் கேட்டாலும் வேண்டாம் வேண்டாம் என்றே எழுதுகிறீர்கள். பெரிய வேட்டை மீன் வளர்க்க ஆசைப்படுகிறவன் என்னதான் செய்வது? – வாழைச்சேனை வாசகர்

பதில்: விரால் வளருங்கள். சிரிக்க வேண்டாம். சந்தையில் சாக்கில் துள்ளுவதைக் கண்டு கண்டு நமக்கு அதன் அருமை தெரிவதில்லை.

என்னிடம் இப்போது ஒன்று இருக்கிறது, இரண்டடிக்குச் சற்றுக் குறைவு. உன்னிச்சைப் பக்கத்து வாய்க்காலில் ஒரு பையன் கையளவில் பிடித்துத் தந்தது. பகலெல்லாம் செடிக்கடியில் கிடக்கும். உடம்பு அசையாது, கண் மட்டும் என் விரலோடு கூடவே திரும்பும். கரும்பச்சை முதுகு, பக்கத்தில் சாய்ந்த கறுப்புப் பட்டைகள், வயிறு பால் வெள்ளை. இறால் துண்டைப் போட்டால் முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு தண்ணீர் ஒருமுறை குலுங்கும், துண்டு இருக்காது. மீன் பழைய இடத்தில் பழையபடி கிடக்கும். இருபது வருடமாகப் பார்க்கிறேன், அது பாயும் கணத்தை இன்னும் சரியாகக் கண்டதில்லை. சோடி சேர்ந்தால் தாயும் தகப்பனும் குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காக்கும். செம்மஞ்சள் குஞ்சுகள் பந்து போலத் திரண்டு மேலே வரும்போது கீழே ஒரு நிழல் கூடவே நகரும்.

சில்லர் வேண்டாம், 30 பாகை அதற்குச் சொந்த ஊர். மின்சாரம் போனாலும் மேலே வந்து காற்றைக் குடிக்கும்; இரவில் ‘சொப்’ என்ற அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் வீட்டில் யாரும் எழும்புவதில்லை. காற்றைக் குடிக்க விடாவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சடைத்துச் செத்துவிடும், ஆகவே மூடிக்கும் நீருக்கும் நடுவே நாலு அங்குலம் விடுங்கள். வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போனாலும் அது தன் வீட்டுக்குத்தான் போகிறது. ஆரையம்பதித் தம்பியும் இதைக் கவனிக்கட்டும்: அந்த ஆறடித் தொட்டி ஒரு விராலுக்குப் போதும். கூட வேறு சின்ன மீன் விடாதீர்கள், மறுநாள் எண்ணிக்கை குறையும்.

மூடி மட்டும் பாரமாக இருக்க வேண்டும். போன மார்கழியில் ஓர் இரவு அடைமழை பெய்தபோது என்னுடையது மூடியைத் தள்ளிவிட்டுப் பாய்ந்து, விறாந்தையைக் கடந்து, விடியும்போது படிக்கட்டுக்குக் கீழே மணல் அப்பிக் கிடந்தது. கழுவித் தொட்டியில் விட்டேன். அரை மணி நேரத்தில் இறால் கேட்டது. இப்போது மூடியின் மேல் இரண்டு செங்கல் இருக்கின்றன.